ஓவியருக்கு எது சோறு போடும்: கண்காட்சியா, வகுப்பா, ஆர்டர் வேலையா?

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியப் பிரிவில் கடைசி ஆண்டு படிக்கும் மகளுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அவளுக்குப் பிடித்த ஓவியர் ஒருவர் தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் அண்மைக் கண்காட்சிகள், கற்பித்தல், ஆர்டருக்குச் செய்த வேலைகள் என்று மூன்று பட்டியல்கள் இருந்ததாகச் சொல்கிறீர்கள். இவற்றில் எதை வைத்து அவர் குடும்பம் நடத்துகிறார், மகள் எதை நம்பி இறங்கலாம் என்பது உங்கள் கேள்வி. கேட்கத் தயங்கி விட்டுவிட்ட கேள்வி ஒன்றும் இருப்பதாக எனக்குப் படுகிறது. படம் வரைந்தே ஒரு பெண் வாழ்ந்துவிட முடியுமா, இல்லை இப்போதே பி.எட். மாதிரி ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுவது நல்லதா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் சென்னையில் நெடுங்காலமாக வரைந்து பிழைப்பவன். பள்ளியிலும் வீட்டிலும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உருவப்படமும் சுவரோவியமும் ஆர்டருக்குச் செய்கிறேன். மும்பை, டெல்லி ஏலங்களில் கோடிகளில் விலைபோகும் ஓவியங்களின் உலகம் எனக்குப் பழக்கமில்லாதது. அங்கே நடப்பதற்கும் இங்கே சாதாரண ஓவியர் வீட்டில் அடுப்பெரிவதற்கும் தொடர்பு குறைவு என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நேரடியான பதில். ஓவியர்கள் தங்களைப் பற்றி எழுதும்போது கண்காட்சியை முதலில் போடுவார்கள், கற்பித்தலை அடுத்து, ஆர்டர் வேலையைக் கடைசியில், சிலர் எழுதாமலே விட்டுவிடுவார்கள். பணம் வரும் வரிசை பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். நான் அறிந்த பலருக்கு மாதாமாதம் வருவது வகுப்புப் பணம். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவோ, பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் கட்டவோ உதவுவது ஆர்டர். கண்காட்சியில் வருவது பல ஆண்டுகளில் கண்காட்சிக்கு ஆன செலவையே ஈடுகட்டுவதில்லை. அந்த ஓவியர் பொய் சொல்லவில்லை. எதற்காகத் தன்னை ஓவியர் என்று நினைக்கிறாரோ அதை முதலில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

கண்காட்சிச் செலவைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கல்லூரியில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. இருபது படங்கள் வைத்துத் தனிக் கண்காட்சி என்றால் கேன்வாஸ், வண்ணம், பிரேம், வண்டிக்கூலி, அரங்க வாடகை, அழைப்பிதழ், சிறு விவரப் புத்தகம், திறப்பு நாள் தேநீர் எல்லாம் ஓவியர் கையிலிருந்து, படம் ஒன்றுகூட விற்பதற்கு முன்பே போய்விடும். இதில் பிரேம்தான் ஆளை விழுங்குவது. சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி அரங்கைப் போன்ற பொது இடங்களில் வாடகை தாங்கக்கூடியது, அதனால்தான் முதல் கண்காட்சிகள் பலவும் அங்கே நடக்கின்றன. தனியார் கேலரி வாடகை கேட்காது. பதிலாக, விற்ற விலையில் பங்கு எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்கு மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை போகும். ஒரு படத்துக்கு 30,000 ரூபாய் விலை, கேலரியின் கமிஷன் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஓவியர் கைக்கு 18,000. பிரேமுக்கும் வண்ணத்துக்கும் கழித்தால் மிஞ்சுவதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். நான் கேலரிகளைக் குறை சொல்லவில்லை. வாங்குபவர்களைப் பெயர் சொல்லி அறிந்து, தொலைபேசியில் கூப்பிட்டு, மாலையில் உட்காரவைத்து விற்றுத்தரும் கேலரிக்கு 40 சதவீதம் நியாயமே. சுவரையும் விளக்கையும் மட்டும் கொடுத்துவிட்டு, 'உங்கள் நண்பர்களை அழைத்து வாருங்கள்' என்று சொல்லும் இடத்துக்கு அதே பங்கைத் தருவதுதான் எரிச்சல்.

இன்னொரு வகையும் உண்டு. குழுக் கண்காட்சி என்று விளம்பரம் செய்து, ஒரு படத்துக்கு இவ்வளவு என்று ஓவியரிடமே பங்கேற்புக் கட்டணம் வாங்கி, கூடவே சான்றிதழும் கேடயமும் தருபவர்கள். இவர்களுடைய வருமானம் முழுவதும் ஓவியர்களிடமிருந்தே வருகிறது. படம் விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. இளம் ஓவியர்கள் தன்குறிப்பை நீட்டுவதற்காக இதில் பணத்தைக் கொட்டுகிறார்கள். உங்கள் மகளை இதிலிருந்து தள்ளிவைத்தாலே நான் எழுதியதற்குப் பலன். அதற்குப் பதில் லலித் கலா அகாதெமியின் தேசியக் கண்காட்சி, மாநில ஓவிய நுண்கலைக் குழுவின் கண்காட்சி, கொச்சி–முசிரிஸ் பியனாலே என்ற ஈராண்டுக் கலைவிழாவோடு நடக்கும் மாணவர் பியனாலே போன்ற தேர்வு நடக்கும் இடங்களுக்கு அனுப்பட்டும். தேர்வாகாமல் போகலாம். ஆனால் அங்கே தேர்வானால் அந்த ஒற்றை வரிக்கு மதிப்பு உண்டு. மும்பை ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் ஒரு வாரம் இடம் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது ஊரறிந்தது. அங்கே வைக்க எண்ணமிருந்தால் படிப்பு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிட்டு மறந்துவிட வேண்டும்.

விலை வைப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வழக்கில் இருப்பது சதுர அங்குலக் கணக்கு. 24க்கு 36 அங்குலம் என்றால் 864 சதுர அங்குலம். சதுர அங்குலத்துக்கு 30 ரூபாய் என்றால் 25,920. இதில் ஒரு கோளாறு உண்டு. அதே கணக்கில் 12க்கு 12 அங்குலச் சின்னப் படத்துக்கு 4,320 ரூபாய்தான் வரும். பிரேம் போக ஒன்றும் தேறாது. அந்தச் சின்னப் படத்துக்குச் செலவிட்ட நேரமோ பெரிய படத்துக்கு ஆனதில் ஆறில் ஒரு பங்காக இருப்பதில்லை. அதனால் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி ஒரு தொகையால் பெருக்கும் முறை எனக்கு உகந்தது. 24, 36 கூட்டினால் 60. 450ஆல் பெருக்கினால் 27,000. சின்னப் படத்துக்கு 24ஐ அதே 450ஆல் பெருக்கினால் 10,800. பெரிய படத்தின் விலை ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது, சின்னது மானத்தோடு நிற்கிறது. இந்த எண்கள் கணக்குக்காகச் சொன்னவை. அவளுக்கு எந்த விலை தாங்கும் என்பதைச் சந்தைதான் சொல்லும். ஒன்றில் மட்டும் வளையக்கூடாது: வீட்டுக்கு நேரில் வந்து வாங்குபவருக்கும் கேலரியில் வாங்குபவருக்கும் ஒரே விலை. கேலரிக்குத் தெரியாமல் பாதி விலைக்கு வீட்டில் கொடுத்தால் ஒரு படம் விற்கும். அதன்பின் அந்தக் கேலரி கதவு திறக்காது, முன்பு முழு விலை கொடுத்தவர் காதுக்கும் செய்தி போய்விடும்.

கேலரியிடம் படம் கொடுக்கும்போது எழுத்தில் ஒரு தாள் வேண்டும். எத்தனை படங்கள், அளவு, விலை, எத்தனை மாதத்துக்கு, கமிஷன் எவ்வளவு, விற்றபின் எத்தனை நாளில் பணம், சேதமானால் யார் பொறுப்பு, தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கிலிருந்து. கடைசி விஷயத்தை எல்லோரும் மறக்கிறார்கள். வாங்குபவர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்லி கேலரி ஒப்புக்கொண்டால் அது ஓவியர் தலையில் மட்டும் விழக்கூடாது. என் படங்கள் சில ஒரு கேலரியில் ஆண்டுக்கணக்கில் பரணில் கிடந்து, ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. கடலோர ஊரில் கேன்வாஸின் பின்பக்கம் காற்றில்லாமல் சுவரோடு ஒட்டிக் கிடந்தால் இப்படித்தான் ஆகும். அவர்களிடம் கேட்க என் கையில் ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கற்பித்தலுக்கு வருகிறேன். அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் பணி என்றால் ஊரில் இன்னும் மரியாதை உண்டு. ஆனால் நிரந்தரப் பணியிடங்கள் அரிதாகவே நிரப்பப்படுகின்றன. 2012இல் ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை மாநில அரசு நியமித்தது. மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாட்கள். அந்தத் தொகை பல போராட்டங்களுக்குப் பின் 10,000 ஆகி, 2024இல் 12,500 ஆனது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். இதை நம்பி வீடு கட்ட முடியாது. ஆனாலும் அரை நாள் வேலை, மீதி நேரம் சொந்தப் படம் என்று அதை ஓர் ஏற்பாடாக எடுத்துக்கொண்டு நன்றாக வரைபவர்கள் மாவட்டங்களில் இருக்கிறார்கள். தனியார் பள்ளிகளில் சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். வேலை என்னவோ எங்கும் ஒன்றுதான்: ஆண்டு விழா மேடை அலங்காரம், அறிவிப்புப் பலகை, சுதந்திர தினக் கோலம் எல்லாம் ஓவிய ஆசிரியர் தலையில்தான். சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வகுப்பு வேறு மாதிரி. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் சனி, ஞாயிறு வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் தயாராக இருக்கிறார்கள். பெரியவர்களும் வருகிறார்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், வேலைக்குப் போகும் பெண்கள். என் அனுபவத்தில் பெரியவர்கள்தான் நல்ல மாணவர்கள். அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்குக் கீழ்நிலை, மேல்நிலை என்று இரண்டு படிகள் உண்டு. அதற்குப் பயிற்சி தருவது சிறு ஊர்களில் நல்ல வருமானம். கற்பிப்பதால் வரும் சிக்கல் நேரம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை நேரத்தைவிடக் கண்தான் களைத்துப்போகிறது. நாள் முழுக்கப் பிறர் படத்தில் தவறு தேடிய கண்ணுக்கு, மாலையில் தன் படத்தின் முன் நின்றால் ஒன்றும் தோன்றாது. அதனால் காலை வெளிச்சத்தை ஒருபோதும் வகுப்புக்கு விற்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். வகுப்பெல்லாம் மாலையில்தான்.

இந்தப் பிரச்சினை நேற்று முளைத்ததில்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியதுதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், நன்றாக வரையும் மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வயிற்றுப்பாட்டுக்காக வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அவரும் அவருடைய மாணவர்களும் சக ஓவியர்களும் கண்ட வழி பத்திக். துணியில் மெழுகு வைத்துச் சாயமேற்றி, அதை விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். ஒரு பகுதி நேரம் கைவினை, மீதி நேரம் சொந்தப் படைப்பு என்பதே ஏற்பாடு. சோழமண்டலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கே உருவான ஓவியங்களைப் பேசுவார்கள். எனக்கோ அந்தப் பத்திக் துணிகள்தான் பெரிய விஷயம். அதே தலைமுறையில் ரெட்டப்ப நாயுடு, கே.எம். ஆதிமூலம் போன்றவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் துணி வடிவமைப்பு வேலை பார்த்தபடியே வரைந்தார்கள். ஆதிமூலம் பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்த கோட்டோவியங்களை இன்று யாராவது பிழைப்புக்குச் செய்தது என்று ஒதுக்குவார்களா?

ஆர்டர் வேலையைப் பற்றிக் கல்லூரி மாணவர்களிடம் ஓர் இளக்காரம் இருக்கிறது. 'கேட்டதை வரைபவன் கலைஞன் இல்லை' என்ற எண்ணம். நம் பக்கத்தில் ஓவியம் வளர்ந்த கதையே வேறு. ரவி வர்மா அரண்மனை அரண்மனையாகப் போய் உருவப்படம் எழுதியவர். பரோடா மன்னர் கேட்டுக்கொண்டதற்காகப் புராணப் படங்கள் வரைந்தார். 1894இல் மும்பையில் அச்சகம் வைத்து அவற்றின் பிரதிகளை வீடுதோறும் கொண்டுபோனார். அச்சகம் அவருக்குக் கடனைத்தான் தேடித்தந்தது, கடைசியில் ஜெர்மானியர் ஒருவருக்கு விற்றார். கோவில்பட்டி கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகத்துக்குத் திரைச்சீலை வரைந்து, பின்பு சிவகாசிக் காலண்டர்களுக்குச் சாமி படம் வரைந்து, ஒரு சீடர் பரம்பரையையே உருவாக்கினார். உங்கள் வீட்டுப் பூசையறையில் பழைய காலண்டர் படம் இருந்தால் அது அவர் கையோ அவர் சீடர் கையோவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மெரினாவில் 1959இல் வைத்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அதற்கு முன் நெடுங்காலம் அதே சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கற்பித்தலும் பொது இடத்துக்கான வேலையும் ஒருவரிடமே இருந்தன.

உங்கள் மகளுக்கு முதலில் வரக்கூடிய ஆர்டர் உருவப்படமாகத்தான் இருக்கும், அதிலும் காலமானவரின் படம். கொடுப்பது பெரும்பாலும் வாக்காளர் அட்டைப் படமோ, கல்யாணக் கூட்டத்தில் எடுத்த மங்கலான படமோ. அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரைவதில் பெரும் கஷ்டம் ஒளி. நேரெதிரே பிளாஷ் அடித்து எடுத்த படத்தில் முகத்துக்குக் கன அளவே இருக்காது. மூக்கின் நிழல், கண்குழி எல்லாம் நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உடலமைப்புப் படிப்பு வேண்டும், கல்லூரியில் சலிப்போடு வரைந்த மண்டையோடுகள் எல்லாம் இங்கேதான் உதவும். ஒரே ஆளின் மூன்று நான்கு வயதுப் படங்களைக் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த கஷ்டம் குடும்பம். மகனுக்கு அப்பா கம்பீரமாகத் தெரிய வேண்டும். அம்மாவுக்குக் கடைசி நாட்களின் முகம் வேண்டாம். தங்கைக்கு மீசை சரியில்லை. எல்லோர் சொல்லையும் கேட்டுத் திருத்தினால் கடைசியில் யாருடைய முகமும் இருக்காது. அதனால் சம்மதம் சொல்ல ஒரே ஆள் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். வண்ணம் தொடும் முன் முழு அளவில் பென்சில் படம் காட்டி அவரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கு மேல் ஒரு திருத்தம் இலவசம், அடுத்ததற்குப் பணம்.

பணத்தை மூன்றாகப் பிரித்து வாங்குவது வழக்கம்: வேலையை ஒப்புக்கொள்ளும்போது ஒரு பங்கு, பென்சில் படம் சம்மதமானதும் ஒரு பங்கு, படம் கைமாறும்போது மீதி. முன்பணம் இல்லாமல் கேன்வாஸ் அடிக்கவே கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் கண்டிப்பாக. நாள் சொல்வதிலும் கவனம் தேவை. ஆயில் வண்ணம் தண்ணீர் ஆவியாவது போலக் காய்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. தொட்டால் ஒட்டாத நிலை சில நாட்களில் வந்துவிடும், உள்வரை இறுக மாதங்கள் ஆகும். வார்னிஷ் போட ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது பழைய விதி. முதலாண்டு திதிக்குப் படம் வேண்டும் என்று பதினைந்து நாள் முன்னால் வருபவருக்குச் சீக்கிரம் காயும் அக்ரிலிக் வண்ணம்தான் சரி என்று சொல்லிவிடலாம், அதில் வெட்கமில்லை.

சுவரோவியம் இப்போது நன்றாகக் கிடைக்கிற வேலை. 2020இல் சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபின், உணவகங்கள், பள்ளிகள், அலுவலகங்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டன. வரைவதைவிடச் சுவரைச் சோதிப்பதில்தான் அனுபவம் தெரியும். புதுச் சிமென்ட் பூச்சில் காரம் அதிகம். நான்கு வாரமாவது ஆறவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடிக்காவிட்டால் நிறம் வெளுக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கட்டடங்களில் உப்பு பூத்து வண்ணம் செதில் செதிலாக உரியும். மேலே குளியலறை இருக்கும் சுவரை நான் ஏற்பதே இல்லை. சாரம் யார் செலவு, ஆள் விழுந்தால் காப்பீடு யாருடையது, மழை வந்தால் நாள் நீட்டிப்பு உண்டா என்பதெல்லாம் தாளில் வர வேண்டும். பெண் என்பதால் நீங்கள் கவலைப்படலாம், அதனால் இதையும் சொல்கிறேன்: தனியாக ஒரு கட்டடத்தில் இரவில் வேலை செய்யச் சொன்னால் மறுக்கும் உரிமையையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளட்டும். துணைக்கு ஒருவரைக் கூட்டிவரும் கூலியைக் கணக்கில் சேர்க்கட்டும்.

சட்டத்தில் ஓவியர்களுக்கே பரவலாகத் தெரியாத ஒன்று இருக்கிறது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஓர் ஓவியத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் பொதுவாக அதை வரைந்தவர்தான். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு, அவருக்காக வரைந்த ஓவியம் அல்லது உருவப்படம் என்றால் கதை மாறுகிறது. 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதிப்புரிமை பணம் கொடுத்தவருக்கே போகும். அதாவது உணவகத்துக்கு வரைந்த ஓவியத்தை அவர் பையிலும் கோப்பையிலும் அச்சடித்து விற்றால் உங்கள் மகள் கேட்க முடியாது. அவளே அதை அச்சடித்து விற்றால் அவர் கேட்கலாம். 'பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், வாங்கியவர் தன் இடத்தில் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரே ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அதோடு 53ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தின் விலையில் ஓவியருக்குப் பங்கு உண்டு, அது 10 சதவீதத்தைத் தாண்டாது. அந்த உரிமையும் முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கே. எனவே ஆர்டர் வேலையில் அந்த ஒரு வரியை விட்டால் இதுவும் சேர்ந்தே போகும். நடைமுறையில் இந்த மறுவிற்பனைப் பங்கை வாங்கியவரை என் வட்டத்தில் நான் பார்த்ததில்லை. சட்டத்தில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

உரிமையை விற்றபிறகும் ஓவியரிடம் மிஞ்சுவது 57ஆம் பிரிவு தரும் உரிமை: படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளவும், படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் களங்கம் விளைவித்தால் எதிர்க்கவும். இதற்குப் பெயர்பெற்ற வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. டெல்லி விஞ்ஞான் பவனுக்காக அரசு கேட்டு அவர் செய்த மாபெரும் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டார்கள். வழக்கு நடந்து, 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதை நம்பி யாரும் நீதிமன்றம் ஏற மாட்டார்கள். உணவகம் கைமாறிப் புது முதலாளி ஓவியத்தின் மேல் வெள்ளையடித்தால் இந்தப் பிரிவு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதில் வழக்கறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அதனால் 'அழிக்கும் முன் ஒரு மாத முன்னறிவிப்பு, படமெடுத்துக்கொள்ள அனுமதி' என்று எழுதி வாங்குவதுதான் நடக்கக்கூடியது.

வரியைப் பற்றி இரண்டு வரி. கையால் வரைந்த ஓவியத்துக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. தொடக்கநிலை ஓவியரின் வருமானம் பதிவு கட்டாயமாகும் வரம்பைத் தொடாது. பொருள் மட்டும் விற்பவருக்கு அது ஆண்டுக்கு 40 லட்சம், வகுப்பு போன்ற சேவையும் செய்பவருக்கு 20 லட்சம். வெளிமாநிலத்துக்கு விற்கும்போது விதி வேறு மாதிரி போகும். அந்த இடத்தில் என் பேச்சைக் கேட்காமல் ஆடிட்டரைக் கேளுங்கள்.

இனி நீங்கள் கேட்கத் தயங்கியதற்கு. படம் விற்று மட்டும் வாழ்பவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அவர்களிலும் பலர் நாற்பது வயதுக்குப் பிறகுதான் அந்த நிலைக்கு வந்தார்கள். கற்பித்தல், ஆர்டர், கண்காட்சி மூன்றையும் சேர்த்து வாழ்பவர்கள் ஏராளம், அதை நான் உறுதியாகச் சொல்வேன். உங்கள் மகள் எந்தப் பக்கம் போவாள் என்பதை அவள் படங்களைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது, பார்த்தாலும் ஓரளவுதான். திறமைசாலிகள் பாதியில் விட்டதையும், வகுப்பில் கடைசியில் நின்றவர்கள் தாக்குப்பிடித்ததையும் பார்த்துவிட்டேன். கணினியில் படம் உண்டாக்கும் கருவிகள் வந்தபின் புத்தக அட்டை, பத்திரிகை ஓவியம் போன்றவற்றுக்கு அழைப்பு குறைவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். காலமானவரின் உருவப்படத்துக்கும் சுவரோவியத்துக்கும் இன்னும் அப்படி ஆகவில்லை. பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

பி.எட். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிப்பு முடிந்த உடனே அதில் தள்ளாமல் இரண்டு ஆண்டு கொடுங்கள். அந்த இரண்டு ஆண்டில் வார இறுதி வகுப்பு ஒன்றை அவள் தொடங்கட்டும். கும்பகோணத்திலேயே ஆள் கிடைப்பார்கள். ஆண்டுக்குச் சில உருவப்படங்கள், முன்பணம் வாங்கி, தாளில் எழுதி. காலை நேரம் தன் சொந்தப் படங்களுக்கு. கண்காட்சிக்குத் தேர்வு நடக்கும் இடங்களில் மட்டும் அனுப்பட்டும், கட்டணம் கேட்கும் இடத்துக்குக் கூடாது. இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, இதுவரை வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் எண், தலைப்பு, அளவு, ஊடகம் (ஆயிலா, அக்ரிலிக்கா என்பது), ஆண்டு, இப்போது யாரிடம் இருக்கிறது, என்ன விலை என்று எழுதச் சொல்லுங்கள். பிரேம் போடும் முன் பகல் வெளிச்சத்தில் நேராக வைத்து எடுத்த புகைப்படம் ஒன்றும் வேண்டும். நண்பர்களுக்குச் சும்மா கொடுத்த படங்களையும் அதில் சேர்க்கட்டும். கேலரிக்காரர் முதலில் கேட்பது இந்தப் பட்டியலைத்தான்.